டேர்டெவில்: எந்த இன்னிங்ஸிலிருந்து ஆரம்பிப்பது?

அக்கா மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். டேர்டெவில் டிவி தொடரின் மூன்று சீசன்களையும் செமஸ்டர் லீவில் ஒரே மூச்சாகப் பார்த்து முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "மாமா, இதைக் காமிக்ஸா படிக்கணும். கையில மூவாயிரம் ரூபாய் இருக்கு. எதை வாங்கட்டும்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 1964-இல் ஆரம்பித்த தொடர் இது. அறுநூறு இதழ்களைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை கதாசிரியரும் ஓவியரும் மாறுவார்கள். புதுக் கூட்டணி வந்து உட்காரும். ஒருவர் கையில் நாயகன் தேவாலயத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருப்பான். அடுத்தவர் கையில் சிரித்துக்கொண்டே மாடி விட்டு மாடி தாவுவான். பெயர் ஒன்று, உடை ஒன்று, ஆனால் படிக்கிற அனுபவம் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் ஒரு கூட்டணியின் காலத்தை 'ரன்' என்பார்கள். எனக்கு 'இன்னிங்ஸ்' என்று சொன்னால்தான் மனதில் நிற்கிறது. இறங்கியவர் என்ன ஸ்கோரில், எந்த நிலைமையில் விட்டுப் போனார் என்பதும் அதில் சேர்ந்து வருகிறதல்லவா.

நம்பர் குழப்பம் வேறு. புதுக் கூட்டணி வந்தால் பதிப்பகம் பெரும்பாலும் மறுபடி முதல் இதழ் என்று அச்சடித்துவிடும். 1964, 1998, 2011, 2014, 2015, 2019, 2022, 2023 என்று 2023 வரைக்குமே டேர்டெவிலுக்கு மட்டும் எட்டு முதல் இதழ்கள். நானே ஒருமுறை ஆன்லைனில் 'வால்யூம் 1' என்று பார்த்து ஆசையாக ஆர்டர் போட்டேன். பார்சலைப் பிரித்தால் நான் கேட்ட கூட்டணிக்குப் பதில் வேறொரு கூட்டணியின் வால்யூம் 1. விற்றவரிடம் கேட்டேன். "சார், நீங்க கேட்டது வால்யூம் 1, நாங்க அனுப்பினதும் வால்யூம் 1" என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் மருமகனுக்கு முதலில் சொன்னது இதுதான்: நம்பரைப் பார்க்காதே, அட்டையில் கதாசிரியர், ஓவியர் பெயரைப் பார்.

தெரியாதவர்களுக்காக நாயகனைப் பற்றி ரெண்டு வரி. மேட் மர்டாக், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதிக்காரன். அப்பா குத்துச்சண்டை வீரர். சிறுவயதில் ஒரு முதியவரை லாரியிலிருந்து காப்பாற்றப் போய், கதிரியக்கப் பொருள் கண்ணில் பட்டுப் பார்வை போகிறது. மற்ற புலன்கள் மனித அளவைத் தாண்டிக் கூர்மையாகின்றன. சுற்றிலும் இருப்பதை உணர்கிற ரேடார் போன்ற ஒன்றும் கூடவே வருகிறது. பகலில் வக்கீல், ராத்திரி சிவப்பு உடை. ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் உருவாக்கியபோது உடை மஞ்சளாகத்தான் இருந்தது. ஏழாவது இதழில் வாலி வுட் அதைச் சிவப்பாக்கினார். அதாவது, கை மாறி நல்லது நடப்பது இந்தத் தொடரின் முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

கை மாறினால் கெட்டுவிடும் என்ற பயம் நம் ஊர்க் காமிக்ஸ் வாசகர்களுக்குக் கொஞ்சம் அதிகம். லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு) எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் டெட் கோவன் எழுதி ஆரம்பித்தபோது அவன் சுத்தமான கிரிமினல். அப்புறம் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர் கையில்தான் ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவனாக மாறினான். ஓவியர் ரெஜ் பன் அப்படியே தொடர்ந்ததால் கை மாறியதே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பத்திரிகைகளில் எழுதியவர் பெயரைப் போடுகிற வழக்கமும் இல்லை. பள்ளிக்கூடப் பைக்குள் அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்த எனக்கு எழுத்தாளர் என்று ஒருவர் உண்டு என்பதே தெரியாது. நாயகன் மட்டும்தான். அமெரிக்கக் காமிக்ஸில் பெயரை அட்டையிலேயே போடுகிறார்கள்; அதனால் சண்டையும் அங்கேயே ஆரம்பிக்கிறது.

சரி, கடைக்குள் போவோம்.

யாரைக் கேட்டாலும் முதலில் ஃபிராங்க் மில்லர் என்பார்கள். நியாயம்தான். 1979-இல் 158-ஆவது இதழில் ஓவியராக மட்டும் உள்ளே வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. தொடர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. விற்பனை அவ்வளவு மோசம். 168-ஆவது இதழிலிருந்து எழுதவும் ஆரம்பித்தார், அதே இதழில் மேட்டின் பழைய காதலியும் கூலிக்கொலைகாரியுமான எலெக்ட்ராவைக் கொண்டுவந்தார். ஸ்பைடர்மேன் கதைகளில் வந்துபோன நிழலுலக தாதா கிங்பினை இழுத்து வந்து டேர்டெவிலின் நிரந்தர எதிரியாக உட்கார வைத்தார். குரு ஸ்டிக், நிஞ்ஜாக் கூட்டமான 'தி ஹேண்ட்' எல்லாம் அவர் வைத்த செடிகள். 1982-இல் வந்த 181-ஆவது இதழில் புல்ஸ்ஐ எலெக்ட்ராவைக் கொல்கிறான். அந்த இதழின் பெரும்பகுதி கொலைகாரன் புல்ஸ்ஐயின் குரலில் நடக்கிறது. இன்றைக்குப் படித்தாலும் முதுகு சில்லிடும். மை தீட்டிய கிளாவ்ஸ் ஜான்சனின் நிழல்கள் இல்லாமல் அந்த இருட்டு வந்திருக்காது.

ஆனாலும் இருபது வயதுப் பையனுக்கு முதல் புத்தகமாக இதைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்து இதழ்கள் பெட்டிக்கடையில் யாரோ புதிதாக எடுத்துப் பார்ப்பார்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு இதழிலும் 'பார்வையற்ற நான் என் ரேடார் புலனால் உணர்கிறேன்' என்று நாயகன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். மாதம் ஒன்று படித்தால் தெரியாது, தொகுப்பில் இருபது இதழை ஒன்றாகப் படித்தால் அலுத்துவிடும். தவிர, தொகுப்பின் முன்பகுதியில் இருப்பது ரோஜர் மெக்கென்ஸி எழுத மில்லர் வரைந்த கதைகள். எலெக்ட்ரா வருவதற்குள் அவன் புத்தகத்தை மூடி வைத்துவிடுவான் என்று பயந்தேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மில்லர் 1983-இல் விட்டுப் போய், 1986-இல் திரும்பி வந்து, டேவிட் மாஸுக்கெல்லியோடு செய்த ஏழு இதழ்கள். 'பார்ன் அகெய்ன்' என்று தனிப் புத்தகமாகவே கிடைக்கிறது, விலையும் குறைவு. போதைக்கு அடிமையான பழைய காதலி கேரன் பேஜ், ஒரு ஊசிக்காக, மேட்தான் டேர்டெவில் என்ற ரகசியத்தை விற்றுவிடுகிறாள். அது கிங்பினிடம் போய்ச் சேர்கிறது. அவன் துப்பாக்கியை எடுப்பதில்லை. மேட்டின் வங்கிக் கணக்கு, வக்கீல் உரிமம், வீடு என்று ஒவ்வொன்றாக உருவுகிறான். முதல் சில இதழ்களின் ஆரம்பப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். மேட் படுத்துக் கிடப்பான், நாம் மேலிருந்து பார்ப்போம். முதலில் தன் வீட்டு மெத்தையில். அடுத்து மட்டமான ஒரு லாட்ஜ் கட்டிலில் சுருண்டு. அப்புறம் சந்தில், குப்பைக்கு நடுவில். ஒரு வரி வசனம் வேண்டாம், ஆள் எவ்வளவு கீழே போய்விட்டான் என்பது அந்தப் படுக்கைகளிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாழ்க்கையில் வாங்குவேன் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மருமகன் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், டிவியின் மூன்றாவது சீசன் இந்தக் கதையிலிருந்துதான் நிறைய எடுத்துக்கொண்டது. பாதி அவனுக்குத் தெரியும்.

மில்லருக்குப் பிறகு வந்தவர்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். முதல் முறை அவர் போனபோது, அவருக்கு எடிட்டராக இருந்த டென்னி ஓ'நீலே எழுத உட்கார்ந்தார். மோசமில்லை, ஆனால் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை அவர் போனபிறகு வந்தவர் ஆன் நோசென்டி. என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் மிகத் துணிச்சலான கை அவருடையதுதான். மில்லர் மாதிரியே எழுத அவர் முயலவே இல்லை. மேட்டையும் கேரனையும் ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி மையம் நடத்த வைத்தார். டைஃபாய்ட் மேரி என்று ஒரு பெண்ணை உருவாக்கினார். ஒரு முகத்தில் சாது, மறு முகத்தில் கொலைகாரி, மேட்டுக்கு இருவரும் ஒருத்தி என்று தெரியாது. அதற்கு ஜான் ரொமீட்டா ஜூனியரின் கட்டை குட்டையான, கனமான கோடுகளும் அவற்றின் மேல் அல் வில்லியம்சனின் மெல்லிய மையும். அந்த ஜோடிப் பொருத்தத்தை எப்படிச் சொல்வது, எருமை மாட்டுக்குப் பட்டுச் சால்வை போர்த்தியது மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு. ஆனால் கதை அணு ஆயுதம், ஆண் பெண் அரசியல், கடைசியில் நரகம் வரைக்கும் போகும். ஏற்கெனவே டேர்டெவிலைத் தெரிந்தவருக்குத்தான் அந்த விலகலின் ருசி புரியும். ரெண்டாவது வருடம் படிக்க வேண்டியது.

இப்போது அவனுக்கு உண்மையாகவே பொருந்தக்கூடிய மூன்று வாசல்கள்.

முதலாவது, பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத அலெக்ஸ் மலீவ் வரைந்தது. 2001 கடைசியில் ஆரம்பித்து 2006 வரை. டிவி தொடரைப் பிடித்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். அந்த மங்கிய மஞ்சள் வெளிச்சம், மழை, போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு காப்பியோடு முணுமுணுப்பது எல்லாம் இங்கே இருக்கிறது. மலீவின் பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்துக் கறுத்துப்போன போட்டோ மாதிரி இருக்கும். ஒரே முகத்தை நாலு கட்டத்தில் அசையாமல் வைத்து, வசனத்தை மட்டும் நகர்த்துவார். சிலருக்கு எரிச்சல் வரும். எனக்கு அது விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

பெண்டிஸ் செய்தது ஒரே ஒரு காரியம், ஆனால் பெரிய காரியம். எஃப்.பி.ஐ. ஆள் ஒருவன் மேட்டின் ரகசியத்தை ஒரு மூன்றாந்தரப் பத்திரிகைக்கு விற்கிறான். மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. வேறு எந்த சூப்பர்ஹீரோ கதையிலும் இப்படி நடந்தால் நாலு இதழில் மாயமந்திரம் போட்டு எல்லோரையும் மறக்க வைத்துவிடுவார்கள். பெண்டிஸ் மறக்க விடவில்லை. மேட் பொய் சொல்கிறான், வழக்குப் போடுகிறான், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வாசல் எங்கும் கேமராக்கள். இதற்கு நடுவில் ஒயிட் டைகர் என்ற பழைய, மறந்துபோன நாயகனின் கொலை வழக்கு வருகிறது. மேட் அவனுக்காக வாதாடுகிறான். சண்டையே இல்லாத, நீதிமன்றத்திலேயே நடக்கிற கதை. தீர்ப்பு வந்தபின் நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பதைச் சொன்னால் கெட்டுவிடும், சொல்லவில்லை.

குறை? ரொம்ப நீளம். கிட்டத்தட்ட ஐம்பது இதழ், மூவாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கதையும் மெதுவாகத்தான் நகரும், பேசிக்கொண்டே இருப்பார்கள். நாலு பக்கத்தில் முடிகிற உரையாடல் பத்துப் பக்கம் போகும்.

இதோடு ஒட்டியே எட் புரூபேக்கர், மைக்கேல் லார்க் கூட்டணியைச் சொல்லியாக வேண்டும். பெண்டிஸ் தன் கடைசி இதழில் மேட்டைச் சிறைக்குள் தள்ளிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்து வருகிறவர் என்ன செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முதல் இதழிலேயே தப்பிக்க வைத்திருக்கலாம், எல்லாம் கனவு என்றிருக்கலாம். புரூபேக்கர் சிறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கிங்பின் அதே சிறையில், புல்ஸ்ஐயும் அதே சிறையில் வந்து சேர, குற்றவாளிகளைச் சுட்டுத் தள்ளுகிற பனிஷர் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறான். வெளியில் யாரோ ஒருவன் டேர்டெவில் உடையைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறான். ஆறு இதழ். கை மாறியபோது தையல் தெரியாமல் வேட்டியில் ஒட்டுப்போடுவது எப்படி என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். முந்தையவர் கட்டிய முடிச்சை அவிழ்க்காமல் இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். ஆனால் பெண்டிஸைப் படிக்காமல் நேராக இதற்குள் வந்தால், ஐந்தாவது ஓவரில் மைதானத்துக்குள் வந்தவன் மாதிரி யார் அவுட் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் புத்தகப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

புரூபேக்கரும் சும்மா போகவில்லை. 2009-இல் ஐந்நூறாவது இதழில் மேட்டைத் தன் பரம எதிரிகளான 'தி ஹேண்ட்' கூட்டத்துக்கே தலைவனாக்கிவிட்டுப் போனார். வெளியேறுகிறவர் நாயகனை ஒரு இருட்டறையில் பூட்டி, சாவியை அடுத்தவரிடம் கொடுப்பது இந்தத் தொடரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அடுத்து வந்த ஆண்டி டிக்கிள் அறைக்குள் இன்னும் இருட்டாக ஒரு மூலையைத் தேடிப்போனார். 'ஷேடோலேண்ட்' என்ற அந்தக் கதையில் மேட்டுக்குள் ஒரு பேயே புகுந்துவிட்டது. பத்து வருடமாக அடி மேல் அடி. படிக்கிறவனுக்கும் மூச்சு முட்டியது.

இரண்டாவது வாசல் அங்கேதான் திறந்தது. 2011, மார்க் வெய்ட். ஓவியர்கள் பாவ்லோ ரிவேராவும் மார்க்கோஸ் மார்ட்டீனும். அடுத்த வருடம் கிறிஸ் சாம்னி வந்து கடைசி வரை நின்றார்.

முதல் இதழின் அட்டையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். டேர்டெவில் மாடி விளிம்பில் நடந்து வருகிறான், பின்னால் நியூயார்க். ஆனால் அந்த ஊர் கோடுகளால் வரையப்படவில்லை. கட்டடம், புறா எல்லாமே சத்தங்களின் எழுத்துக்களால் ஆனவை. புறா இருக்கிற இடத்தில் புறாவின் சத்தம், எழுத்தாக. கண் தெரியாதவன் ஊரை எப்படிப் 'பார்க்கிறான்' என்பதை அறுநூறு பக்க வசனத்தைவிட அந்த ஒரு அட்டை சொல்லிவிடுகிறது. உள்ளே முதல் காட்சி ஒரு மாஃபியாக் குடும்பத்துக் கல்யாணம். கடத்த வந்தவனிடமிருந்து ஒரு சிறுமியைக் காப்பாற்றிவிட்டு, போகிற போக்கில் மணப்பெண்ணுக்கு ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுத் தாவிப் போகிறான் டேர்டெவில். பத்து வருடமாக அழுதுகொண்டிருந்தவனா இது என்று நண்பன் ஃபாகி நெல்சனே பயந்துபோகிறான்.

வெய்ட் பழையதை அழித்துவிட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். உன்னிப்பாகப் படித்தால் அப்படி இல்லை. ரகசியம் பத்திரிகையில் வந்த விஷயம் அப்படியே இருக்கிறது. அதன் விளைவு என்னவென்றால், மேட் எந்த வழக்கில் எழுந்து நின்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் 'இவர்தானே டேர்டெவில்' என்று ஆரம்பித்து வழக்கையே திசைதிருப்பிவிடுகிறார். வக்கீல் தொழில் நடக்காது. மேட்டும் ஃபாகியும் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: கட்சிக்காரர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்து, அவர்களையே வாதாட வைப்பது. பெண்டிஸ் கொடுத்த அதே சிக்கல்தான். அவர் கையில் அது தூக்குக்கயிறு, இவர் அதில் ஊஞ்சல் கட்டிவிட்டார். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று மேட் சொல்வதில் ஒரு அடி ஆழத்தில் பொய் இருக்கிறது, அதை வெய்ட் மெதுவாகத்தான் தோண்டுகிறார். மனச்சோர்வைப் பற்றி சூப்பர்ஹீரோ கதையில் இவ்வளவு இதமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

ஏழாவது இதழைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ். அலுவலக விருந்துக்கு மேட் 'நான் டேர்டெவில் இல்லை' என்று எழுதிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறான். அப்புறம் பார்வையற்ற குழந்தைகளை ஒரு பஸ்ஸில் அழைத்துப் போகிறான். பனியில் பஸ் விபத்து, டிரைவர் போய்விடுகிறார். பனி சத்தத்தையெல்லாம் தின்றுவிடுவதால் மேட்டின் ரேடாரும் வேலை செய்யவில்லை. வில்லன் கிடையாது. வெள்ளைப் பக்கங்கள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குழந்தைகள். இருபது பக்கம்தான். 2012-இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது (அமெரிக்கக் காமிக்ஸின் பெரிய விருது) இதற்குக் கிடைத்தது. அதே வருடம் சிறந்த தொடர், சிறந்த எழுத்தாளர் விருதுகளும் வந்து சேர்ந்தன. இன்னொன்று. ரிவேராவின் பென்சிலுக்கு மை தீட்டியவர் அவருடைய அப்பா ஜோ ரிவேரா. அப்பாவின் பெயரைத் தோளில் சுமக்கிற நாயகனின் கதையை மகன் வரைய, அப்பா மேலே மை போட்டிருக்கிறார். இது தெரிந்தபின் அந்தப் பக்கங்களை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

2014-இல் கதை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறது, அங்கேயும் அதே ஒளி. முன்கதை தெரியாமல் படிக்கலாம், தேவையானது ஒரு பக்கத்தில் சொல்லப்பட்டுவிடும். குறை என்று சொன்னால், டிவி பார்த்துவிட்டு வருகிறவனுக்கு முதல் ஐம்பது பக்கம் 'இது நம்ம ஆள் இல்லையே' என்று தோன்றும்.

அடுத்து சார்ல்ஸ் சோல், ரான் கார்னி, 2015. வெய்ட் கதையில் மேட்டே ஊரறிய ஒப்புக்கொண்ட ரகசியத்தை மறுபடி எல்லோர் மனதிலிருந்தும் அழித்து, மேட்டை நியூயார்க்குக்குத் திரும்பக் கொண்டுவந்து, உடையையும் கறுப்பாக்கினார்கள். எப்படி அழிந்தது என்பதைச் சொல்லாமல் ரொம்ப நாள் இழுத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சோல் நிஜ வாழ்க்கையில் வக்கீல். அதனால் முகமூடி போட்டவர் சாட்சி சொல்லலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை போகிற கதை மட்டும் நன்றாக அமைந்தது. கிங்பின் நியூயார்க் மேயராகிறான், அது பின்னால் வருகிறவர்களுக்கு நல்ல தீனி.

அந்தத் தீனியைச் சாப்பிட்டவர் சிப் ஸ்டார்ஸ்கி. இதுதான் மூன்றாவது வாசல், 2019, ஓவியர் மார்க்கோ கெக்கெட்டோ. ஸ்டார்ஸ்கியை அதற்கு முன் நகைச்சுவைக்காரராகத்தான் தெரியும் என்பதால் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். முதல் கதையிலேயே மேட் ஒரு கடைக் கொள்ளையைத் தடுக்கப் போகிறான். காயத்திலிருந்து முழுசாகத் தேறாத உடம்பு. அடித்த அடியில் கொள்ளையரில் ஒருவன் செத்துவிடுகிறான். சதியா, வேறு யாராவது செய்ததா என்று நாமும் மேட்டோடு சேர்ந்து தேடுகிறோம். அவன் கை பட்டுத்தான் செத்தான். ராத்திரி ராத்திரி ஆட்களின் மண்டையில் குத்துகிற ஒருவனால் இவ்வளவு நாளாக யாரும் சாகவில்லை என்பதுதான் அதிசயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அறுபது வருடத் தொடரில் இந்தக் கேள்விக்கு இப்படி நேருக்கு நேர் நின்றவர் இவர்தான். கடைசியில் முகமூடியைக் கழற்றாமலேயே மேட் சிறைக்குப் போகிறான், வெளியில் எலெக்ட்ரா டேர்டெவிலாகிறாள்.

கெக்கெட்டோவின் சித்திரம் இன்றைய கண்ணுக்கு ரொம்ப இணக்கம். சினிமா மாதிரி, பளபளப்பு. சில இடங்களில் பளபளப்பு அதிகம்தான். பழைய கதைகள் தெரிந்தால் இன்னும் ருசிக்கும், தெரியாவிட்டாலும் இடிக்காது. 2023-இல் இவர்கள் விலகியபின் சலாதின் அகமதுவும் ஆரன் குடரும் மேட்டைப் பாதிரியாராகவே ஆக்கி ஆரம்பித்தார்கள். அதைப் படிக்க ஸ்டார்ஸ்கியின் முடிவு தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, போனில் நான் சொன்னது: வெய்ட்-ரிவேரா வாங்கு. காரணம் ஒன்றுதான். டிவியில் நீ பார்த்த டேர்டெவில் நன்றாகச் சண்டை போடுகிற ஒருவன். அவன் கண் தெரியாதவன் என்பது பல நேரம் உனக்கே மறந்திருக்கும். காகிதத்தில் மட்டுமே செய்ய முடிந்த ஒன்றை வெய்ட் கூட்டணி செய்திருக்கிறது. காமிக்ஸுக்கு வருகிறவன் அதை முதலில் பார்க்க வேண்டும். டிவியில் பார்த்ததையே மறுபடி படிக்கப் பணம் எதற்கு?

"இல்ல மாமா, சிரிக்கிற டேர்டெவில் எனக்குச் செட் ஆகாது" என்றான்.

அப்படியென்றால் பெண்டிஸ்-மலீவ் முதல் தொகுப்பு. வளவளவென்று பேசுவது தாங்காது என்றால் ஸ்டார்ஸ்கி. வாதாடிப் பார்த்தேன், கேட்கவில்லை, பெண்டிஸை வாங்கினான். என் பங்குக்கு, தீபாவளிக்கு வந்தபோது என் வெய்ட் தொகுப்பைப் படித்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் கேட்டேன். அவன் இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். ரூம்மேட் படித்துவிட்டு, பக்கத்து ரூம் பையனிடம் கொடுத்திருக்கிறானாம்.